ஒரு படி தவிட்டுக்கு மீட்ட தம்பி

என் தம்பி மஸ்தான் சோற்றில் கை வைத்துவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். அன்றும் அப்படித்தான். ஈப்போ நகரத்துச் சிலிபினில் ஹமீது அண்ணன் சாப்பாட்டுக் கடை. நல்ல உச்சிப் பொழுது. இலையில் சோறு, மீன் குழம்பு, பாகற்காய் வறுவல். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின் மேல் தூவிக்கொண்டிருந்தான். அரசாங்கத்தின் இஸ்லாமியச் சமய அலுவலகத்து அதிகாரிகள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள்.

அது நோன்பு மாதம். ஹமீது அண்ணன் ஒரு நோன்பைக்கூட விடாதவர். நாக்கு வறண்டு கிடக்கும். ஆனாலும் மற்றவர்களுக்குச் சிரித்த முகத்தோடு பரிமாறுவார். மற்ற மதத்தார் சாப்பிடத் தடை ஏதும் இல்லை. முஸ்லிம் ஒருவர் பகலில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் வில்லங்கம். சாப்பிட்டவருக்கும் தண்டனை, பரிமாறிய கடைக்காரருக்கும் தண்டனை.

நான் பக்கத்து மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மஸ்தான் இடக்கையால் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். வலக்கை குழம்பை விட்டு நகரவில்லை.

அதிகாரி அட்டையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"என்சே மஸ்தான், நோன்பு இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"எனக்கு எதுக்கு சார் நோன்பு? நான் இந்துதான் லா."

அவர் அட்டையைத் திருப்பி அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார். படத்துக்குக் கீழே ரூமி என்கிற ஆங்கில எழுத்தில் ஐந்தே ஐந்து எழுத்து. இஸ்லாம்.

ஐந்து வருடமாக அந்த அட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது. சிமெண்டு லோரி ஓட்டுகிறவன். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் கேட்கும்போதெல்லாம் நீட்டியிருக்கிறான். ஒருமுறைகூட வாசித்துப் பார்த்ததில்லை.

ஹமீது அண்ணன் கரண்டியோடு ஓடி வந்தார். "சார், இவன் பொறந்த நாள்லேர்ந்து எனக்குத் தெரியும். கருப்பையா மவன். இவன் எங்க ஆளு இல்ல சார்."

அதிகாரி பொறுமையானவர். இருவர் சொன்னதையும் ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். விசாரணைக்கு வரச் சொல்லி இருவருக்கும் ஆளுக்கொரு கடிதம். மஸ்தானின் கையெழுத்துக்கு மேலே மீன் குழம்பு ஒரு சொட்டு விழுந்தது. அந்தச் சொட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலியாக விட்ட கட்டம்

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை ஊரார் குற்றத்தைத்தான் எழுதி வந்திருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்கிறார்.

ஹமீது அண்ணன் கடைக்கு இரண்டு கடை தள்ளி நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது பேருக்குத்தான். உண்மையான தொழில் போராங் நிரப்புவது. மலாய்ப் படிவத்தைக் கண்டாலே வியர்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் வருவார்கள். ஓய்வூதியம், உதவித்தொகை, பிறப்பு, இறப்பு எல்லாம் என் பேனாவில்தான்.

புதுவகை அடையாள அட்டை வந்தபோது தம்பிக்கும் நான்தான் நிரப்பினேன். பெயர், முகவரி, தொழில், அப்பா பெயர். அகாமா, அதாவது மதம், என்ற கட்டத்துக்கு வந்தபோது நகல் இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டு சத்தம் போட்டது. எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தம்பி லோரிக்கு நேரமாகிறது என்று பறந்தான். 'ஒரு கட்டம்தானே, அங்கே கேட்டு எழுதிக்கொள்வார்கள்' என்று கொடுத்துவிட்டேன்.

அங்கே யாரும் கேட்கவில்லை. நாகூர் மஸ்தான் என்ற பெயரைப் பார்த்தார்கள், கட்டத்தை நிரப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே அப்பா பெயர் கருப்பையா என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. என் மேல் அதைவிட அதிகம்.

பெயரைப் பார்த்துத்தான் கட்டத்தை நிரப்புவது என்றால் என் கதி என்ன? என் பெயர் பிச்சையம்மா. தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்களோ!

பெயர் வந்த வழி

தாப்பாவுக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. இன்று அங்கே செம்பனை. அந்தத் தோட்டத்தில் அம்மாவுக்கு எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. நான் பிறந்ததும் மூன்று வீட்டில் மடியேந்திப் பிச்சை வாங்கி எனக்கு இந்தப் பெயரை வைத்தாள். நான் தங்கிவிட்டேன். எனக்குப் பின் இரண்டு ஆண் பிள்ளைகள். அவையும் போயின.

அம்மா அழுது தீர்த்துவிட்டு பஸ் ஏறிப் பினாங்கு நாகூர் தர்காவுக்குப் போய் நேர்ந்துகொண்டாள். தோட்டத்து இந்துப் பெண்களுக்கு அது புதிதல்ல. மாரியம்மனுக்குத் தீச்சட்டி, நாகூர் ஆண்டவருக்குச் சர்க்கரை. பிள்ளை பிழைத்தால் போதும். இதில் எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

பிள்ளை பிறந்தது. தங்காத வீட்டுப் பிள்ளையை யாருக்காவது கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது எங்கள் வழக்கம். இது அந்த வீட்டில் பெற்ற பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கிய பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். எமனையே ஏமாற்றுகிற துணிச்சல் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு இருந்தது.

தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் ஹமீது அண்ணனின் அத்தா, காதர் ராவுத்தர். அம்மா பிள்ளையை முறத்தில் கிடத்திக் கடையின் பின் வாசல் வழியாகப் போய் அவர் கையில் கொடுத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு முன் வாசலுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவள்போல் சாமான் வாங்க வந்த தோரணையில் நின்றாள். எனக்குப் பத்து வயது. ஒரு படி தவிட்டை மடியில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கோழிக்கு வைத்திருந்த தவிடு.

"புள்ள இருக்கா கடையில?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நல்ல கனம். ஒரு படி கட்டாதேம்மா, ரெண்டு படி குடு" என்று ராவுத்தர் பேரம் பேசினார்.

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஹமீது அண்ணனுக்கு அப்போது இருபது வயது. தவிட்டைப் படியில் அளந்து, தலைதட்டி, "சரியா இருக்குத்தா" என்றார். ராவுத்தர் பிள்ளையின் நாக்கில் சர்க்கரை தடவி, நேர்ந்துகொண்டபடி நாகூர் மஸ்தான் என்று மூன்று முறை கூப்பிட்டு அம்மாவின் கையில் கொடுத்தார்.

எல்லாம் கால் மணி நேரம். மஸ்தான் தங்கினான். லோரி ஓட்டுகிற அளவுக்கு, மூன்று ஆள் சோற்றைத் தின்கிற அளவுக்குத் தங்கினான்.

இங்கே போ, அங்கே போ

மீன் குழம்பு விவகாரம் நடந்த வருடம் மஸ்தானுக்கு முப்பத்தைந்து. அப்போதுதான் வசந்தாவைப் பார்த்திருந்தான். பாரிட் புந்தார் பெண். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. இவன் கையில் ஆணி குத்தி ஊசி போட வந்தவன், ஆறிய புண்ணைக் காட்டவே நான்கு தடவை போனானாம்.

கல்யாணத்தைப் பதியப் போனோம். முடியாது என்றார்கள். அட்டைப்படி மாப்பிள்ளை முஸ்லிம், பெண் இந்து. பெண் மதம் மாறினால் உடனே நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அதே எழுத்துதான்.

"நீங்க மாறிடுங்களேன், சுலபமா முடிஞ்சிரும்" என்று அங்கே இருந்தவர் வசந்தாவிடம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

வசந்தா மஸ்தான் பக்கம் திரும்பினாள். "நீங்க அதை நம்புறீங்களா?"

"இல்ல."

"நானும் நம்பல. அப்ப ரெண்டு பேரும் பொய் சொல்லியா வாழ்க்கைய ஆரம்பிக்கிறது? வாங்க போலாம்."

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், இவளை விட்டால் இவனுக்கு வேறு கதி இல்லை என்று.

பதிவு அலுவலகத்தில் அட்டையைத் திருத்தச் சொன்னால், சமய அலுவலகத்துக் கடிதம் வேண்டும் என்றார்கள். சமய அலுவலகத்தில் கேட்டால், அட்டையில் அப்படி இருக்கும்வரை நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! இங்கே இரண்டு பூசாரிகள். மூன்று வருடம் இப்படியே போனது. என் கடையில் எங்கள் கோப்பு மட்டும் ஒரு தலையணை உயரம்.

ஒருவர், பெயரை மாற்றினால் வேலை சுலபம் என்று யோசனை சொன்னார். மஸ்தான் ஒப்பவில்லை. "பேரு எங்கம்மா நேர்ந்துகிட்டது சார். அது சரியாத்தான் இருக்கு. தப்பு அதுக்குக் கீழ இருக்கு."

சமய அலுவலகத்தில் இருந்த இன்னொருவர், சில மாதம் வந்து தங்கிச் சமய வகுப்பில் படித்துப் பார், மனம் மாறினாலும் மாறலாம் என்றார். மென்மையாகத்தான் பேசினார்.  வகுப்புக்குப் போனவன் திரும்பி வர எத்தனை மாதமாகுமோ என்று எனக்குப் பயம்.

மஸ்தான் பயப்படவில்லை. "என்னைக்காவது எனக்கு நம்பிக்கை வந்துச்சுன்னா நானே நடந்து வாரேன் சார். யாரும் கூப்பிட வேணாம். இப்ப என்னைத் தூக்கிட்டுப் போகாதீங்க."

 அவர் எழுந்து உள்ளே போய், இவர் மதம் மாறியதாக எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்று ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மூன்று வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல தாள். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அந்த வருடங்களில் ஒவ்வொரு நோன்பு மாதமும் மஸ்தான் பகலில் ஹமீது அண்ணன் கடைப் பக்கமே போகவில்லை. விசாரணை முடியாமல் கிடப்பில் இருந்தது. இன்னொரு முறை மாட்டினால் அண்ணனின் கடை உரிமமே போய்விடும். லோரிக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றான். சோற்றுக்காகவே பிறந்தவன், மூன்று நோன்பு மாதம் காய்ந்த ரொட்டி!

பக்திக்கு என்ன சாட்சி?

அந்தக் கடிதம் மட்டும் போதாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றது பதிவு அலுவலகம். கடைசியில் வழக்கு. வழக்கறிஞர் புவனா எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "இவர் இந்துவாத்தான் வாழ்ந்தாருன்னு காட்டணும். என்ன இருக்கு?" என்று கேட்டார்.

என்ன இருக்கும்? நாங்கள் சான்றிதழ் வாங்கியா சாமி கும்பிடுகிறோம்? அதிலும் மஸ்தான் கோயிலுக்குப் போவது சுண்டல் கொடுக்கிற நாளில் மட்டும்.

என் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. "தைப்பூசம் வருதுல்ல? நீ ஒரு காவடி எடுத்துரு தம்பி. நான் நல்லா நாலு போட்டோ எடுத்துடுறேன்."

அவன் என்னிடம் கோபித்துக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். "அக்கா, எனக்கு இல்லாத நம்பிக்கைய அவங்க எழுதிட்டாங்கன்னு கோர்ட்டுக்குப் போறோம். நீ எனக்கு இல்லாத பக்திய போட்டோ எடுக்குறேங்குற. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

 வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் இருந்தது.

புவனா பேனாவைக் கீழே வைத்தார். "சரி, உங்களுக்கு என்னதான் நம்பிக்கை?"

"வெள்ளிக்கிழமை அம்மா படத்துக்குச் சாம்பிராணி போடுவேன். லோரிய எடுக்குறப்ப முனியாண்டிக்கு ஒரு கும்புடு. அவ்ளோதான்."

"அதையே எழுதுவோம்" என்றார் புவனா. எழுதினார். ஒரு வரி கூட்டவில்லை.

நீதிமன்றத்தில் தவிடு

ஹமீது அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறியபோது புதுத் தொப்பி போட்டிருந்தார். அவர் தமிழில் பேச, மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னார்.

அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "இந்தப் பெயரை வைத்தது யார்?"

"எங்க அத்தா."

"உங்கள் அப்பா முஸ்லிம்தானே? குழந்தையை அவரிடம் கொடுத்தார்களா?"

"ஆமா. கொடுத்தாங்க."

 தவிட்டுக் கதையை நான் புவனாவிடம் சொல்லவே இல்லை. பழங்கதை, கோர்ட்டுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இன்னொரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்! புவனா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அப்படியானால் இவர் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளை. எவ்வளவு காலம் உங்களிடம் இருந்தார்?"

"கால் மணி நேரம்."

மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"பிறகு?"

"வித்துட்டோம்."

"விற்றீர்களா? என்ன விலைக்கு?"

"ஒரு படி தவிடு. எங்க அத்தா ரெண்டு படி கேட்டாரு. அந்தம்மா ஒரு படிதான் கொண்டாந்திருந்துச்சு. நான்தான் அளந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "தவிடுன்னா... கோழிக்குப் போடுவாங்களே, அதுவா?"

"அதேதான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று வசந்தா இன்றுவரை சொல்கிறாள். ஹமீது அண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, புள்ளையத் திருப்பிக் குடுக்கறப்ப எங்க அத்தா அந்தம்மாகிட்ட சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 'பேரு நான் வச்சது, அது இருக்கட்டும். புள்ள உன் புள்ள, சாமி உன் சாமி'ன்னாரு. நான் அஞ்சு வேளையும் தொழுறவன் ஐயா. என் மார்க்கம் எனக்கு உசிரு. அதுல ஒருத்தன அவனுக்கே தெரியாம எழுதி வச்சா, அவனுக்கும் மரியாதை இல்ல, என் மார்க்கத்துக்கும் மரியாதை இல்ல."



அப்போது புவனா ஒரு தாளை எடுத்து நீட்டினார். சாப்பாட்டுக் கடையில் அதிகாரி எழுதி வாங்கிய அதே தாள். வழக்கு என்ற நினைப்பே இல்லாத நாளில், வாயில் சோற்றோடு, நான் இந்து என்று அவன் சொன்னதும், கருப்பையா மகன் என்று அண்ணன் சொன்னதும் அதில் அப்படியே இருந்தன. அவனைப் பிடித்த தாளே அவனுக்குச் சாட்சியாக வந்து நின்றது. கையெழுத்துக்கு மேலே அந்த மஞ்சள் சொட்டும் இருந்தது.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இவர் ஒருநாளும் முஸ்லிமாக இருந்ததில்லை, அட்டையைத் திருத்துங்கள் என்று. வசந்தா அழவில்லை. "பசிக்குது, சாப்பிடப் போலாம்" என்றாள். எங்கள் வீட்டுக்கு ஏற்ற பெண்தான்.

மேசைமேல் அட்டை

புது அட்டையைக் கொடுத்ததும் மஸ்தான் கவுண்டரிலேயே நின்று முன்னும் பின்னும் எழுத்து எழுத்தாக வாசித்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் நகரவில்லை. மற்ற மதத்தார் அட்டையில் இருப்பதுபோல, எழுத்து இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைத்தான் அவன் திரும்பத் திரும்ப வாசித்தான்.

அது நோன்பு மாதம். நேராக ஹமீது அண்ணன் கடைக்குப் போய், அதே மேசையில் உட்கார்ந்து, உப்பு வைக்கிற இடத்தில் அட்டையை வைத்தான். கிடப்பில் இருந்த விசாரணையும் தீர்ப்போடு முடிந்துபோயிருந்தது. அண்ணன் இலையைப் போட்டார். தண்ணீர் தெளித்தார். நோன்பு பிடித்த வாயோடு, மூன்று வருடத்துச் சோற்றையும் ஒரே நாளில் பரிமாறினார். கடையில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். நான் விசிலே அடித்துவிட்டேன். ஐம்பதைத் தொடும் வயதில்!

கல்யாணத்துக்கு அண்ணன் கொண்டுவந்த பரிசு, மஞ்சள் துணியில் கட்டிய ஒரு படி தவிடு. "வச்சுக்க வசந்தா. யாராவது மறுபடியும் இவனைக் கேட்டு வந்தா, குடுத்து மீட்டுக்க" என்றார்.

போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொன்னார்கள். பட்டது போதாதா, இந்தத் தடவை லட்சுமி, சரசுவதி என்று யாருக்கும் சந்தேகம் வராத பெயராக வையுங்கள் என்று. நானும் அந்தக் கட்சிதான், மறைக்க மாட்டேன்.

"பயந்துகிட்டு வைக்கிற பேரு எதுக்கு அண்ணி?" என்றாள் வசந்தா. நாகூரம்மாள் என்று வைத்தார்கள்.

போராங்கை நான்தான் நிரப்பினேன். கடையைச் சாத்திவிட்டு, நகல் இயந்திரத்தின் மின்சாரத்தையே துண்டித்துவிட்டு உட்கார்ந்து நிரப்பினேன். ஒரு கட்டத்தையும் விடவில்லை.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண், முக்காடு அணிந்தவள். பெயரைத் தட்டச்சு செய்தாள். அவள் விரல் நின்றது.  படிவத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"அகாமா ஆப்பா?" என்றாள், கட்டத்தில் நான் எழுதியிருந்தும். என்ன மதம்?

அத்தனை வருடத்தில் எந்தக் கவுண்டரிலும் எங்களை யாரும் கேட்காத கேள்வி.

மஸ்தான் பதில் சொன்னான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னான். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.